பத்தில் ஒரு பெண்ணுக்கு எண்டோமெட்ரியோசிஸ்

குழந்தை இல்லை என்று வரும் பெண்களிடம் மாதவிடாய் வலியைப் பற்றித் தனியாகக் கேட்பேன். "அது எல்லாருக்கும் இருக்கிறதுதானே டாக்டர்" என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால்தான் மாதாமாதம் போட்ட லீவும், பரீட்சை எழுத முடியாமல் போன நாட்களும் வெளியே வரும்.

கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையிலோ கருக்குழாயிலோ குடலை ஒட்டியோ வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அந்த இடங்களில் அழற்சியும் தழும்பும் உண்டாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கினால் அதை 'சாக்லேட் கட்டி' என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. உலக அளவில் ஏறக்குறைய 19 கோடிப் பேர். குழந்தையின்மைக்காக வருபவர்களை மட்டும் பார்த்தால் 25 முதல் 50 சதவீதம் வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன. யாரைச் சோதிக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் இப்படி மாறும். நீண்ட காலமாக லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா வழியாக உள்ளே பார்க்கும் அறுவை சிகிச்சை செய்து பார்த்துத்தான் இந்த நோயை உறுதி செய்தார்கள். அந்த அறுவை சிகிச்சை வரை வர முடிந்தவர்கள்தான் கணக்கில் ஏறினார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்களை யார் எண்ணினார்கள்?

அறிகுறி தொடங்கி நோய் கண்டறியப்படுவதற்குள் பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. இவ்வளவு தாமதம் இனியும் தேவையில்லை. 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், லேப்ராஸ்கோப்பிக்காகக் காத்திருக்காமல் அறிகுறிகளை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்கிறது. ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மேலோட்டமான திட்டுகள் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஹார்மோன் மாத்திரையா?" என்று அம்மாக்கள் பதறுவதைப் பார்க்கிறேன். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் டைனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையோ கருத்தடை மாத்திரையோ பின்னாளில் குழந்தை பிறப்பதைக் கெடுப்பதில்லை. அவை வலியைக் கட்டுப்படுத்தும். யாருக்கு எது ஒத்துவரும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கர்ப்ப காலத்தில் பலருக்கு வலி குறையும், அப்புறம் திரும்பவும் வரலாம். கல்யாணமோ பிரசவமோ இந்த நோய்க்கு மருந்து ஆகாது.

வலி மாத்திரை போட்டும் பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியவில்லையென்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எந்த நாளில் எவ்வளவு வலி, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா என்று இரண்டு மூன்று மாதம் குறித்துக்கொண்டு வாருங்கள். உடலுறவின்போது வலி இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் கொடுத்தாலே போதும்.