சர்வீஸ் லேர்னிங்: ஒரு ஒற்று படுத்தும் பாடு

கடலூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "சர்வீஸ் லேர்னிங்குக்குத் தமிழ்ல என்ன போடறது? பேனர் அடிக்கணும், சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க." நான் யோசித்து முடிப்பதற்குள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் கொடுத்து அவரே அடித்துவிட்டார். படமும் அனுப்பினார். பெரிய எழுத்தில் 'சேவை கற்றல்'. நடுவில் 'க்' என்ற ஒற்று இல்லை. ஒரு ஒற்றுக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். அந்த ஒற்றில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். மாணவர்கள் ஊருக்குள் போய்ச் செய்கிற நல்ல வேலை எல்லாமே சர்வீஸ் லேர்னிங் ஆகிவிடாது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை பிளாஸ்டிக் பொறுக்கினால் அது தன்னார்வப் பணி, நல்லதுதான், அதோடு முடிந்தது. அதே கடற்கரையை ஒட்டிய குப்பத்தில் வேதியியல் மாணவர்கள் ஒவ்வொரு கைப்பம்பிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து, உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்து, எந்தத் தண்ணீரில் சமைக்கலாம் எதில் துணி மட்டும் துவைக்கலாம் என்று அந்தத் தெருவுக்கே திரும்பப் போய்ச் சொல்லி, அப்புறம் வகுப்பில் உட்கார்ந்து 'பக்கத்துப் பக்கத்துப் பம்புதான், ஒன்றில் மட்டும் ஏன் இவ்வளவு உப்பு?' என்று பாடத்தோடு மல்லுக்கட்டினால் அதுதான் சர்வீஸ் லேர்னிங். வணிகவியல் படிக்கிறவர்கள் மகளிர் குழுவின் கணக்கு நோட்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வட்டிக் கணக்கை அந்த அக்காக்களிடமே கற்றுக்கொண்டு வருவதும் இதில் சேரும். பாடம் வேண்டும், அங்கிருப்பவர்களுக்குப் பயன் வேண்டும், செய்ததைத் திரும்ப உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மூன்றில் ஒன்று கழன்றாலும் இது வேறு பெயருக்குப் போய்விடும்.

சொல் பிறந்தது அமெரிக்காவில். 1967 வாக்கில் அங்கே தென்மாநிலங்களின் கல்வி வாரியம் ஒன்றில் வேலை பார்த்த ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே இருவரும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். 1994-ல் சிக்மன் இந்தச் சொல்லையே நாலு விதமாக எழுதிக் காட்டினார். 'சர்வீஸ்' பெரிய எழுத்தில், 'லேர்னிங்' சின்ன எழுத்தில் இருந்தால் உதவிதான் முக்கியம், படிப்பு ஓரமாக நிற்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் படிப்பு முக்கியம், ஊர் வெறும் ஆய்வகம். இரண்டும் சின்ன எழுத்தில், நடுவில் கோடு இல்லாமல் இருந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. இரண்டும் பெரிய எழுத்தில், நடுவில் ஒரு சிறு கோட்டோடு இருந்தால்தான் சமம். ஒரு கோட்டுக்கு இவ்வளவு வேலை கொடுத்திருக்கிறார் மனிதர்!

தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, அந்தக் கோட்டுக்கும் பழக்கமில்லை. அந்த வேலையை நமக்கு ஒற்று செய்கிறது. 'சேவை கற்றல்' என்று ஒற்றில்லாமல் எழுதினால் சேவையைக் கற்றல். இரண்டாம் வேற்றுமைத் தொகை, அங்கே வல்லினம் மிகாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற மாதிரி சேவை செய்யக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பொருள். 'சேவைக் கற்றல்' என்றால் சேவையால் வரும் கற்றல். பேனரில் நண்பர் விட்டது ஒரு மெய்யெழுத்து, போனது பாதி அர்த்தம்.

சொல் புதிதே தவிர எண்ணம் நமக்குப் புதிதில்லை. கையால் வேலை செய்வதும் படிப்பும் பிரியக்கூடாது என்று 1937-ல் காந்தி வார்தாவில் வைத்ததைத்தான் தமிழில் ஆதாரக் கல்வி என்றோம். அவருடைய நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் என்.எஸ்.எஸ். தொடங்கியது. அதற்கு நாட்டு நலப்பணித் திட்டம் என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும் கும்பிடலாம். சர்வீஸ் என்றதும் சேவை என்று போடாமல் 'நலப்பணி' என்று போட்டிருக்கிறாரே! சிரமதானம் என்றும் ஒரு சொல் ஓடிக்கொண்டிருந்தது. வடமொழியில் சிரமம் என்றால் உழைப்பு, தமிழில் கஷ்டம், ஆக அது தமிழ்க் காதுக்குக் கஷ்டத்தைத் தானம் பண்ணுவது போலக் கேட்கும். மாணவர்கள் வாயில் இருப்பது ஒரே சொல்: கேம்ப். என்.எஸ்.எஸ்.-ல் சேர்ந்தால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, அதற்கு மேல் ஏழு நாள் சிறப்பு முகாம்.

நான் படிக்கும்போது பண்ருட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் அப்படி ஏழு நாள் இருந்தோம். குளத்தைச் சுத்தம் செய்வது என்று முடிவானது, முடிவு செய்ததும் நாங்களேதான். கரை முழுக்க அருகும் கோரையும் மண்டிக்கிடந்தது. நான்கு நாள் மண்வெட்டி போட்டுச் செதுக்கியதில் கரை மொட்டைத் தலை மாதிரி வழவழவென்று ஆனது, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டோம். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, புல்லப் பூரா செதுக்கிட்டீங்களே, மழைக்கு இந்தக் கரை எதப் புடிச்சிக்கினு நிக்கும்?" என்றார். சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். ஐப்பசி அடைமழைக்குப் பிறகு போனபோது கரையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து குளத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. எங்கள் அறிக்கையில் 'குளம் தூய்மை செய்யப்பட்டது, பயனாளிகள் 300 பேர்' என்றிருந்தது. எண்ணியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களில் நாலு பேர் தாவரவியல் மாணவர்கள், புல்வேர் மண்ணரிப்பைத் தடுக்கும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். ஆயா கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு போய் வைக்க எங்களுக்கு ஒரு வகுப்பு இல்லை. சேவை இருந்தது, கற்றல் இல்லை, நடுவில் அந்தக் கோடு இல்லவே இல்லை.

சரி, தமிழுக்கு வருவோம். சேவை வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்ட சொல். பெருமாள் கோயிலில் கருட சேவை, அடுப்படியில் எலுமிச்சை சேவை, தாலுகா ஆபீஸ் பக்கம் இ-சேவை மையம், போன் கம்பெனியில் வாடிக்கையாளர் சேவை. கடைசி இரண்டும் வந்தபிறகு, காசு கட்டினால் கிடைப்பது என்கிற வாடை ஒட்டிக்கொண்டது. தொண்டு தமிழ்ச் சொல்தான். தொல்காப்பியத்தில் அது ஒன்பது என்ற எண்ணையும் குறிக்கும் என்பது ஒரு உபரித் தகவல். அடியார்களின் தொண்டு இன்னொருவருக்கு ஆளாகிக் கிடப்பது. இப்போது தொண்டர் என்றால் கட்சிக் கொடி, தொண்டு நிறுவனம் என்றால் ஜீப். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் என்று வரிசையாகப் பார்த்துவிட்ட இந்தக் கரையில், நோட்டும் பேனாவுமாக யார் வந்தாலும் "எழுதிக்கினு போறவங்க வந்திருக்காங்க" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தொண்டு என்கிற சொல்லை அந்தச் சலிப்பிலிருந்து மீட்பது கஷ்டம்.

கம்யூனிட்டி என்பதற்குச் சமூகம் என்று போடுகிறார்கள். "நீங்க என்ன சமூகம்?" என்று நம் பக்கத்தில் ஒருவர் கேட்டால் எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் 'ஊர்ப்பணிக் கல்வி' என்று போடலாமே என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது, சின்னதாக, காதுக்கு அழகாக. யோசித்தால் அதுவும் சரிவரவில்லை. இந்த மாவட்டத்தில் பல கிராமங்களில் ஊர் என்றால் ஒரு பக்கம், காலனி என்றால் இன்னொரு பக்கம். நாங்கள் சுத்தம் செய்த குளம் ஊர்ப் பக்கத்துக் குளம். காலனிப் பக்கத்துக் குட்டையை ஏழு நாளில் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆக, ஊரை விட்டுவிட்டேன்.

மிஞ்சியது பணி. வேலை என்ற பொருளோடு பணிதல், பணிவு என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, இந்தச் சொல்லுக்குச் சொந்த மண் இதுதான். திருவாமூரில் பிறந்து, திருவதிகைக் கோயிலில் உழவாரத்தைக் கையில் எடுத்துப் புல் செதுக்கிய அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது அவர் வந்து ஒதுங்கிய இடம் என்று கடலூர்க்காரர்கள் காட்டுவது கரையேறவிட்டகுப்பத்தை. 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று அவர் பாடியதும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கடம்பூரில், இதே மாவட்டம். அதில் நான் எப்போதும் நிற்பது 'கிடப்பதே' என்ற இடத்தில். செய்வதே என்று சொல்லவில்லை. அங்கேயே கிடக்கிறவருக்குத்தான் எந்தப் புல்லைச் செதுக்கலாம், எதை விடவேண்டும் என்பது தெரியும். ஏழாம் நாள் பஸ் ஏறுகிறவர்களுக்கு அது தெரிவதற்கு முன்பே போட்டோ எடுத்தாகிவிடுகிறது.

கற்றலையும் தொட்டுவிடுகிறேன். கல்லுதல் என்றால் தோண்டுதல், கல்வியை அதோடு சேர்த்துப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. மணற்கேணியையும் கற்றலையும் ஒரே குறளில் வைத்த வள்ளுவர் அவர்களுக்குத் துணை.

எனவே என் கணக்கில் 'பணிவழிக் கற்றல்'. அலுவலகத்தில் வேலையோடு கொடுக்கும் பயிற்சி என்று சிலர் நினைக்கக்கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன். நாலு இடத்தில் புழங்கினால் அந்தக் குழப்பம் போய்விடும். 'வழி' என்கிற இரண்டு எழுத்து, சிக்மனின் கோடு செய்கிற வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

இதையெல்லாம் நண்பருக்கு எழுதி அனுப்பினேன். பேனருக்குக் காசு கொடுத்தாச்சு, இனி மாற்ற முடியாது என்றார். அப்படியானால் ஒரு வெள்ளைத் தாளில் 'வழிக்' என்று மூன்று எழுத்து எழுதி நடுவில் ஒட்டுங்கள், 'சேவை வழிக் கற்றல்' என்றாவது ஆகட்டும் என்றேன். ஒட்டியிருக்கிறார். தாள் கொஞ்சம் கோணல், ஒற்றின் புள்ளியை மட்டும் சிவப்பு மார்க்கரில் பெரிதாக வைத்திருக்கிறார்.