போர்வை தைக்க மெஷின் வாங்கப் போகிறீர்களா?

திருகோணமலையில் தையல் மெஷின் திருத்துவது என் தொழில். போன மாதம் உப்புவெளியில் இருந்து ஓர் அக்கா புது மெஷின் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கனடாவில் இருக்கும் மகள் அனுப்பியது. பழைய சேலைத் துண்டுகளைப் பொருத்தி, நடுவில் பஞ்சு வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குப் போர்வை தைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சுவிட்சைப் போட்டதும் புகை வந்துவிட்டது. கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. உள்ளே மின்சுற்றுப் போர்ட் கருகிப்போயிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வெளிநாட்டு மெஷின் கைக்கு வந்தால், வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் படியுங்கள். 100 அல்லது 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், வோல்டைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் மாட்டவே கூடாது. ஜப்பானில் பாவித்துவிட்டு இங்கே வரும் மெஷின்களுக்கும் இதைப் பாருங்கள். அந்த நாட்டு மின்சாரம் 100 வோல்ட்.

சரி, கடையில் வாங்குவதானால்? எத்தனை டிசைன் விழும் என்று கேட்டு ஏமாறாதீர்கள். போர்வைக்கு வேண்டியது நல்ல நேர்த்தையல். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி, குண்டூசி குத்தி வீட்டில் இருந்தே கொண்டுபோங்கள். 14ஆம் இலக்க ஊசி போட்டு, துண்டுகள் சந்திக்கும் தடித்த இடத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ஊசி திணறினால் அந்த மெஷின் வேண்டாம்.

மேல்துணி மட்டும் முன்னால் தள்ளுப்பட்டுச் சுருங்கினால் அது மெஷினின் பிழை அல்ல. கீழே இருக்கும் பற்கள் அடித்துணியை இழுக்கின்றன. மேலே அழுத்தும் பாதம் மேல்துணியைப் பிடித்து வைக்கிறது. மேல்துணியையும் சேர்த்து இழுக்க, இதற்கென்றே பல் வைத்த 'வோக்கிங் புட்' என்ற பாதம் இருக்கிறது. அந்த மொடலுக்கு அது கிடைக்குமா என்று காசு கொடுக்க முன்பே கேளுங்கள். ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் அளந்து பாருங்கள். சாதாரண வீட்டு மெஷினில் ஆறேழு அங்குலம்தான் இருக்கும். பெரிய போர்வையைச் சுருட்டி அதற்குள் நுழைப்பது பெரும்பாடு.

பழைய கறுப்பு சிங்கர் வீட்டில் இருந்தால் தயவுசெய்து இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே எல்லாம் உலோகம். தடித்த துணியையும் நேராகத் தைக்கும். அந்த அக்காவின் வீட்டு மூலையிலும் அவருடைய அம்மாவின் கால் மெஷின் இருந்தது. தோல் பெல்ட்டை மாற்றிக் கொடுத்தேன். இப்போது அதில்தான் தைக்கிறார்.

நம் ஊர் உப்புக்காற்றில் ஊசித்தண்டும், கீழ்நூல் உருளையை வைக்கும் பொபின் கேஸும் சீக்கிரம் கறள் பிடிக்கும். மாரி மாதங்களில் இன்னும் மோசம். தைத்து முடித்ததும் பஞ்சுத் தூசியைத் தூரிகையால் தட்டி, மூடி வையுங்கள். எண்ணெய் விடும் வகை மெஷின் என்றால் மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாள்பட அது பிசினாக இறுகி, கைச்சக்கரமே சுற்றாது. எண்ணெய் விட்டதும் முதலில் ஒரு கழிவுத் துணியில் ஓட்டி எடுங்கள், போர்வையில் கறை படாது.