கண்டுபிடித்துவிட்டான், அப்புறம்?

போர்டில் எழுதிய கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையனிடம் பேச ஆரம்பிக்கிற பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். பதிவேட்டில் 'மீத்திறன் மாணவர்' என்று எழுதுவோம். ஆனால் அவனுக்குக் கொடுப்பது இன்னும் பத்துக் கணக்கு, இல்லையென்றால் சட்டாம்பிள்ளை வேலை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் துப்பறியும் பாணியில் பாடம் நடத்துகிறேன். தங்கள் பள்ளியிலும் தொடங்க நினைப்பவர்களுக்காக இது.

பெரும்பாலும் 'கடிதம் எழுதியது யார்' என்கிற மாதிரி, பேனா மையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற ஒரு விளையாட்டில்தான் ஆரம்பிப்பார்கள். நல்லதுதான். சாக்பீஸின் அடியிலிருந்து விரற்கடை மேலே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வளையம் போட்டு, அது நனையாதபடி கொஞ்சம் தண்ணீரில் நிறுத்தினால், தண்ணீர் ஏற ஏறக் கறுப்பு பல நிறங்களாகப் பிரியும். கம்பெனி மாறினால் நிறங்களும் மாறலாம். பால்பாயிண்ட் மை அசையாது; ஏன் என்று கேட்கிற பிள்ளையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அவன் ரேங்க் எதுவாக இருந்தாலும் சரி. மார்க் பட்டியலை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் இவர்களில் பாதிப் பேர் விட்டுப்போவார்கள்.

ஆனால் இதை வேகமான பிள்ளை பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டு மறுபடியும் சும்மா உட்கார்ந்திருப்பான். அதனால் நான் நம்புவது உண்மையில் நடந்த வழக்குகளை.

1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வந்து 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரும்பாலான மருத்துவர்கள் நம்பிய காலம். தண்ணீர்தான் காரணம் என்று சந்தேகித்த டாக்டர் ஜான் ஸ்னோ இறப்புகளை வீடு வாரியாக வரைபடத்தில் குறித்தார்; அவை ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. அந்தப் படத்தைக் கொடுத்ததும் பிள்ளைகள் "பிராட் தெரு அடிபம்பு சார்!" என்று கத்திவிடுவார்கள். சரியான விடைதான். நான் ஒன்றும் சொல்லாமல், மேலும் சில தகவல்கள் எழுதிய அடுத்த அட்டையைக் கொடுப்பேன்.

அந்தப் பம்புக்குப் பக்கத்திலேயே ஏழைகள் விடுதி ஒன்று இருந்தது. 500 பேருக்கு மேல் தங்கியிருந்தும் இறந்தவர்கள் ஐந்தே பேர். அதே தெருவில் பீர் தயாரிக்கும் ஆலை; அங்கே வேலை செய்த எழுபது சொச்சம் பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆனால் பல மைல் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு மூதாட்டி இறந்துபோனார். "இப்போது உங்கள் விடை நிற்கிறதா?" என்று கேட்பேன்.

கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். "அந்தக் கணக்கே தப்பாக இருக்கும் சார்" என்று சிலர் அட்டையைத் தள்ளிவைப்பார்கள், பெரும்பாலும் எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவர்கள். சிலர்தான் "அங்கே போய் யாரிடம் என்ன கேட்கலாம்?" என்று யோசிப்பார்கள். கேட்டால் தகவல் தருவேன்: விடுதிக்குள் தனிக் கிணறு இருந்தது, ஆலைக்காரர்கள் குடித்தது பீர், பிராட் தெருத் தண்ணீரின் ருசிக்காக மூதாட்டி அதை வரவழைத்துக் குடித்துவந்தார். விடையோடு இடித்த மூன்றும் அதற்கே சாட்சியாகிவிடும்.

கடைசி அட்டை: செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். ஆனால் அதற்கு முன்பே இறப்புகள் குறையத் தொடங்கியிருந்தன, பலர் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அப்படியானால் நோய் நின்றது கைப்பிடியைக் கழற்றியதாலா? உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். "விடையைச் சொல்லுங்க சார்" என்று நச்சரிப்பார்கள். சொல்லிவிடாதீர்கள்.

மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால், எந்தச் சான்று கிடைத்தால் தன் முடிவை மாற்றிக்கொள்வான் என்று எழுதச் சொல்லி அதற்குப் போடுங்கள். இதனால் பரீட்சையில் மார்க் கூடுமா என்று பெற்றோர் கேட்டால், அப்படி எந்த உறுதியும் தர வேண்டாம்.

ஒரு வழக்குக்கு நான்கு பீரியடாவது வேண்டும். அட்டைகளை ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். ஹாம்ப்ஸ்டெட் அட்டையை வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கொடுங்கள்; சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் உள்ளவர்களைப் பிடித்து விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.