ஃபுளோரின் – வினைவியம்: சொல் விளக்கம்

அணு எண் 9. உப்பீனி (ஹாலஜன்) குடும்பத்தின் முதல் தனிமம். வெளிர்மஞ்சள் நிறமும் மூக்கைத் துளைக்கும் நெடியும் உடைய நச்சு வாயு. ஃபுளோரின், புளோரின், ஃபுளூரின் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தமிழ்த் தனிமப் பட்டியல்களில் இதற்கு 'வினைவியம்' என்ற பெயர் இருக்கிறது. மூலப்பெயரைவிட இந்தப் பெயரே தனிமத்தின் குணத்துக்கு நெருக்கமானது என்பேன்.

மூலப்பெயர் ஒரு கல்லிலிருந்து வந்தது. லத்தீனில் 'ஃப்ளுவெரே' என்றால் பாய்தல், ஓடுதல். உலோகத் தாதுவை உருக்கும்போது அது எளிதில் இளகி ஓடுவதற்காக, ஐரோப்பியக் கொல்லர்கள் ஒரு கனிமத்தை உலையில் சேர்த்தார்கள். ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலா 16ஆம் நூற்றாண்டிலேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஃபுளோர்ஸ்பார் என்னும் அந்தக் கல் கால்சியம் ஃபுளோரைடுதான். அதற்குள் குளோரினைப் போன்ற ஒரு தனிமம் ஒளிந்திருப்பதாக ஊகித்த பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர், 1812இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவிக்குக் கடிதம் எழுதி இந்தப் பெயரை முன்மொழிந்தார். பிற்பாடு ஆம்பியரே 'அழிப்பது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை வைத்து வேறொரு பெயரையும் சொன்னார். ரஷ்ய மொழியிலும் கிரேக்கத்திலும் இன்றைக்கும் அந்த வழிவந்த 'ஃப்தோர்', 'ஃப்தோரியோ' ஆகிய சொற்களே வழங்குகின்றன.

பெயர் வைத்து 74 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் தனிமம் கைக்கு வந்தது. இடையில் அதைப் பிரிக்க முயன்ற பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லெஸ் இருவரும் ஹைட்ரஜன் ஃபுளோரைடின் நஞ்சுக்கு உயிரைக் கொடுத்தார்கள். 1886 ஜூன் 26 அன்று பாரிசில் ஆன்றி முவாசான் வென்றார். நீரற்ற ஹைட்ரஜன் ஃபுளோரைடில் பொட்டாசியம் ஃபுளோரைடு உப்பைக் கரைத்து, பிளாட்டினத்தாலான யு வடிவக் குழாயில் ஊற்றி, கடுங்குளிரில் மின்சாரம் செலுத்தினார். குழாயின் அடைப்பான்கள் அதே ஃபுளோர்ஸ்பார் கல்லில் செதுக்கியவை. நேர்மின்வாயில் எழுந்த வாயுவில் சிலிக்கன் படிகத்தைக் காட்டினார், பட்டதும் பற்றிக்கொண்டது. இந்த வேலைக்காக 1906இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இத்தனை வேகம்? ஃபுளோரின் அணு மிகச் சிறியது. இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாகும்போது, பிணைப்பில் சேராத எலக்ட்ரான் இணைகள் நெருங்கி நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் பிணைப்பு தளர்ந்து போகிறது: அதை உடைக்கக் குளோரினில் மோலுக்கு சுமார் 242 கிலோஜூல் ஆற்றல் வேண்டும், இங்கே 158தான். மறுபக்கம், எலக்ட்ரான் கவர்தன்மையில், அதாவது பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதில், இதை மிஞ்சிய தனிமம் இல்லை. பாலிங் அளவுகோலில் 3.98. தன் இணை அணுவை எளிதில் விட்டுவிடும், அடுத்த அணுவை இறுகப் பற்றிக்கொள்ளும். ஹைட்ரஜனோடு இருட்டிலும் வெடித்துச் சேரும். மந்த வாயுவான செனான்கூட இதற்குத் தப்பவில்லை. நிக்கல், தாமிரம் போன்ற உலோகங்களின் மேல் மட்டும் ஃபுளோரைடுப் படலம் படிந்து, மேற்கொண்டு அரிப்பைத் தடுக்கிறது. அதனால்தான் இந்த வாயுவைக் கலத்தில் அடைக்க முடிகிறது. பிடித்த பிடியை விடாத குணம், கார்பனும் ஃபுளோரினும் சேர்ந்த பிளாஸ்டிக்கான டெஃப்லானில் தெரியும். கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு அவ்வளவு வலுவானது என்பதால் பெரும்பாலான அமிலங்கள் அதை அசைப்பதில்லை.

இனி தமிழ்ச் சொல். 'வினை' என்பதை அடியாகக் கொண்டு, தனிமப் பெயர்களில் வரும் 'இயம்' சேர்த்தது வினைவியம். வினையும் இயமும் நேராகப் புணர்ந்தால் 'வினையியம்' என்றே வர வேண்டும். ஆனாலும் பட்டியல்களில் நிலைத்தது வினைவியம். எல்லாத் தனிமமும்தான் வினைபுரிகிறது, இதற்கு மட்டும் ஏன் இந்தப் பெயர் என்று கேட்கலாம். உள்ளதிலேயே தீவிரமாக வினைபுரிவது இது. பெயர் இதற்கே உரியது.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிட வேண்டும். 'குடிநீரில் ஃபுளோரின்' என்று எழுதுவது பிழை. ஃபுளோரின் வாயு தண்ணீரில் தங்காது. தண்ணீரைச் சிதைத்து ஹைட்ரஜன் ஃபுளோரைடும் ஆக்சிஜனும் தரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் மிகுந்து பல்லில் கறையும் எலும்பில் கோளாறும் உண்டாக்குவது, பாறைகளிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு அயனி. இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பற்பசையில் இருப்பதும் ஃபுளோரைடுதான். தனிமத்தை வினைவியம் என்று எழுதினாலும், இந்த உப்புகளை மக்கள் அறிந்த ஃபுளோரைடு என்ற பெயரிலேயே குறிப்பது நல்லது.