தோட்டாவையும் தராசில் வையுங்கள்

காட்டில் ஆபத்தில் சிக்கினால் உயிர் பிழைப்பது எப்படி என்று கற்றுக்கொடுப்பது என் தொழில். கூடவே ஒரு துப்பாக்கியும் இருக்கட்டும் என்று நினைத்து வருபவர்கள் அதன் எடையை மறக்காமல் விசாரிக்கிறார்கள். தோட்டாவின் எடையைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. துப்பாக்கியின் எடை ஒரு முறை முடிவாகிவிடுவது. தோட்டாவின் எடையோ எண்ணிக்கையோடு ஏறிக்கொண்டே போவது.

எனவே முதல் வகுப்பிலேயே மேசைமேல் ஒரு தராசை வைத்து, ஒரு கிலோ சேரும்வரை ஒவ்வொரு வகைத் தோட்டாவையும் எண்ணிப் போடச் சொல்வேன். .22 எல்ஆர் (லாங் ரைஃபிள்) என்ற சிறு தோட்டா ஒன்று (புள்ளியோடு வரும் எண், குண்டின் விட்டம் ஏறக்குறைய எத்தனை அங்குலம் என்பதைக் குறிக்கும்) சுமார் மூன்றரை கிராம்தான் என்பதால் 280-க்கும் மேல் போட வேண்டியிருக்கும். .223 ரைஃபிள் தோட்டா (5.56 மி.மீ. அளவு) சுமார் 12 கிராம். எண்பதைத் தாண்டியதும் கிலோ நிறைந்துவிடும். .308 ரைஃபிள் தோட்டா (7.62 மி.மீ. அளவு) என்றால் நாற்பது, 12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் தோட்டா என்றால் இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள். அந்த ஒரு கிலோ ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சமம் என்பதைக் கையில் தூக்கிப் பார்க்கும்போதுதான் பலருக்கும் உறைக்கிறது. 1960-களில் அமெரிக்கப் படைகள் 7.62 மி.மீ. ரைஃபிளிலிருந்து 5.56 மி.மீ. எம்16-க்கு மாறியதற்கும், அதே சுமையில் ஏறக்குறைய இரு மடங்கு தோட்டாக்களைக் கொண்டுபோக முடியும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

என்னோடு மூன்று நாள் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், மேலங்கியின் இரு பைகளிலும் ஐம்பது ஷாட்கன் தோட்டாக்களை நிரப்பியிருந்தார். இரண்டாம் நாள் மாலைக்குள் அவை இடித்து இடித்து இடுப்பின் இருபுறமும் தோல் கன்றிச் சிவந்துவிட்டது. சுமையைக் குறைக்க அவர் கொட்டிவிட நினைத்தது தோட்டாவை அல்ல, தண்ணீரை. அந்த முடிவுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

எடை குறைவு என்பதற்காக .22 எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. முயல், காட்டுப் பறவை போன்ற சிறு உயிர்களுக்கு அது போதும். கரடி நடமாடும் பகுதியில் அதை நம்பிப் போகக் கூடாது, அங்கே கனமான தோட்டாக்களைக் குறைந்த எண்ணிக்கையில் எடுத்துச் செல்வதே சரி. .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடி விளிம்புக்குள் இருப்பதால், நடுவில் அடித்து வெடிக்கும் தோட்டாக்களைவிட இது வெடிக்காமல் போகும் வாய்ப்பு சற்று அதிகம். சிறியதுதானே என்ற அலட்சியமும் ஆகாது: குறி தவறிய .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாயக்கூடியது.

துப்பாக்கி உரிமமும் வேட்டைக்கான அனுமதியும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி இருந்தாக வேண்டும். தண்ணீர், குளிரிலிருந்து காப்பு, உதவி கேட்கும் சைகைப் பொருள்கள் ஆகியவற்றைப் பையில் வைத்த பிறகே தோட்டாவுக்கு இடம் தேடுங்கள். பெரிய விலங்குகளின் அச்சம் இல்லாத பகுதிக்கு நான் கொண்டுபோவது நூறு .22 தோட்டாக்கள், ஏறக்குறைய 350 கிராம். நீர் புகாத இரண்டு உறைகளில் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து, ஒன்றைப் பையிலும் மற்றொன்றை உடலோடும் வைத்துக்கொள்கிறேன்.