முத்து போட்ட வீட்டில் மாத்திரைக்கு ஏன் தடை?

பங்குனி வெயில் ஏறியதும் இது ஆரம்பித்துவிடுகிறது. முப்பது, முப்பத்தைந்து வயது ஆள். அம்மை போட்டு ஐந்தாம் நாள், மூச்சு வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குகிறார். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் பொட்டுப் பொட்டாக வெளுத்திருக்கின்றன. முதல் நாளே ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டால், கூட வந்தவர்களிடம் எப்போதும் ஒரே பதில்: "ஆத்தா வந்திருக்கும்போது மருந்து கொடுக்கக் கூடாதுங்களே."

கொடுக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

மற்ற சம்பிரதாயங்களோடு எனக்குச் சண்டை இல்லை. வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியாட்களை உள்ளே விடாதது, தனிப் பாய், தனித் தட்டு எல்லாமே நல்ல தொற்றுத் தடுப்பு. தாளிக்காத சாப்பாடும் இளநீரும் மோரும் வாய்ப்புண்ணோடு கிடப்பவருக்கு இதமானவை. சமயபுரத்தாளே மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி இருந்து நீர்மோர், பானகம், இளநீர் என்றுதான் ஏற்கிறாள். பத்து நாள் கறி மீன் இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது. வேண்டிக்கொள்ளுங்கள், கூழ் ஊற்றுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

"மருந்து கொடுத்தால் முத்து உள்ளே அமுங்கிவிடும்" என்பதுதான் என் பொறுமையைச் சோதிக்கும் பேச்சு. உடம்பிலுள்ள விஷம் முத்தாக வெளியேறுகிறது, மருந்து அதைத் தடுத்து உள்ளே தள்ளும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கிருமி மூக்கு, தொண்டை வழியாக நுழைந்து 10 முதல் 21 நாள் வரை உள்ளேயே பெருகி, ரத்தத்தில் கலந்து, கடைசியாகத்தான் தோலுக்கு வருகிறது. முதல் முத்தைப் பார்க்கும்போது அது ஏற்கெனவே உடம்பு முழுக்கச் சுற்றி வந்தாயிற்று. முத்து வெளியே வருவதால் உள்ளே எதுவும் காலியாவதில்லை. சின்னம்மைக்குக் கொடுக்கும் மாத்திரையான அசைக்ளோவிர் கிருமி பெருகுவதை நிறுத்துகிறது, அவ்வளவுதான். முத்து குறைவாகப் போட்டால் அது அமுங்கியதால் அல்ல, கிருமி குறைந்ததால்.

"என் பிள்ளைகள் மூணு பேருக்கும் வேப்பிலையிலேயே சரியாச்சு" என்பார்கள். ஆமாம், வேப்பிலை இல்லாமலும் சரியாகியிருக்கும். 12 வயதுக்குட்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்கு இது பெரும்பாலும் தானாக அடங்கும் நோய். அதை அளவுகோலாக வைத்துக் குழந்தையிடமிருந்து தொற்றிய அப்பாவையும் சும்மா போட்டு வைக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கடுமை அதிகம். வீட்டில் இரண்டாவதாக வருபவருக்கு இன்னும் கூடும். புகைப்பவராக இருந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. ஐந்தாம் நாள் ஊசி போட்டு ஆறாம் நாள் அவர் இறந்தால், "ஊசி போட்டதால்தான் ஆத்தா கோவிச்சுக்கிட்டா" என்று ஊர் முழுக்கப் பரவும். அடுத்த வீட்டுக்காரர் ஏழாம் நாள்தான் வருவார்.

இந்தத் தடை பெரியம்மைக் காலத்து மிச்சம். அன்று அதற்கு மருந்தே கிடையாது. கும்பிடுவதைத் தவிர வழியில்லை. இந்தியாவில் அது 1975-இல் முடிந்தது, 1980-இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தாயிற்று. இப்போது வருவது சின்னம்மை. இதற்கு மருந்து இருக்கிறது.

அசைக்ளோவிர் பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மி.கி., ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். காலை 6, 10, பகல் 2, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முதல் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து சிறுநீரகத்தில் படியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஆகவே கடையில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடாது.

இதைவிடக் கொடுமை, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் சேர்த்து நிறுத்துவது. இன்சுலின் ஊசியை நம்பி வாழும் பிள்ளைக்கு அதை இரண்டு நாள் நிறுத்தினாலே உயிருக்கு ஆபத்து. ஸ்டீராய்டு சாப்பிடுபவர் திடீரென விட்டால் மயங்கி விழுவார். ஏற்கெனவே சாப்பிடும் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குளியலுக்கும் மூன்றாம் தண்ணீர் வரை காத்திருக்க வேண்டாம். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து ஒற்றி எடுங்கள். வேப்பிலையால் வருடிக்கொடுக்கலாம், அரைத்து உடைந்த முத்தின்மேல் அப்பினால் சீழ் பிடிக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள். தலைக்குத் தண்ணீர் விடும் சடங்கை அப்புறம் உங்கள் முறைப்படியே செய்துகொள்ளுங்கள்.

மூச்சு வாங்குவது, இருமலில் ரத்தம், விடாத வாந்தி, உளறல், நடையில் தள்ளாட்டம், நாலு நாளுக்குமேல் காய்ச்சல், முத்தைச் சுற்றிச் சிவந்து சுடுவது: இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். திருநீறு பூசிவிட்டே கிளம்புங்கள், தாமதம் மட்டும் வேண்டாம்.

அக்கிக்குக் குயவரிடம் காவியால் எழுதிக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே கிருமிதான், பழைய அம்மை நரம்பில் ஒளிந்திருந்து திரும்புகிறது. எழுதுவதை எழுதிக்கொள்ளுங்கள், 72 மணி நேரத்துக்குள் மாத்திரையும் தொடங்குங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

கடைசியாக, கெஞ்சிக் கேட்கிறேன். வாசலில் வேப்பிலை தொங்கும்போது ஊர் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் முத்து தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே தொற்று பரவியிருக்கும். அந்த இரண்டு நாளில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள் என்று யோசித்து, அங்கிருந்த கர்ப்பிணிகளுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் போன் செய்யுங்கள். அவர்களுக்கு அம்மை இதற்குமுன் வந்ததில்லை என்றால், தொற்று பட்ட பத்து நாளுக்குள் போட ஒரு பாதுகாப்பு ஊசி இருக்கிறது. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்பு வரைக்குள் தாய்க்கு முத்து போட்டால் பச்சைக் குழந்தைக்கும் அதே ஊசி தேவைப்படும். அது எல்லா ஊரிலும் கையிருப்பில் இருக்காது, தேடி எடுக்க ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.