முள் ஓரிடம், சென்னை வேறிடம்

"வால்வு ரேடியோவில் 720 கிலோஹெர்ட்ஸில் வர வேண்டிய சென்னை, 670 பக்கம் வருகிறது, அதுவும் மெலிசாக. 1400-க்கு மேல் எல்லாம் சரி. கேங் கண்டென்சரை மாற்றணுமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். வேண்டாம். நிலையம் மாற்றும்போது சுழலும் தகடுகள்தான் கேங், அது அவ்வளவு எளிதில் கெடாது.

முதலில் வழக்கமான வேலைகள். 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டே கரண்ட் கொடுங்கள். ஃபில்டர் கண்டென்சர்களையும், அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போகும் 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டென்சரையும் யோசிக்காமல் மாற்றுங்கள். பின்னது கசிந்தால் ஈ.எல்.84 போன்ற அந்த அவுட்புட் வால்வு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஏ.சி./டி.சி. செட் (மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதது) என்றால் சேசிஸ் என்ற உலோகச் சட்டத்திலேயே மெயின்ஸ் இருக்கலாம். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

டயல் நூல் நழுவியிருந்தால் எல்லா நிலையங்களுமே நகர்ந்திருக்கும், சத்தமும் குறையாது. இங்கே ஒரு முனை மட்டும் விலகியிருக்கிறது. அதுதான் துப்பு.

இந்த மாதிரி 'சூப்பர்ஹெட்' வகை ரேடியோவுக்குள் ஆசிலேட்டர் என்ற குட்டி ஒலிபரப்பி உண்டு. நாம் கேட்கும் நிலையத்தைவிட எப்போதும் 455 கிலோஹெர்ட்ஸ் மேலே அது ஓட வேண்டும். சென்னைக்கு 1175. ஏரியலுக்கு ஒன்று, ஆசிலேட்டருக்கு ஒன்று என கேங்கின் இரு பிரிவுகளும் ஒரே தண்டில் சுழல்கின்றன. சிக்கல் இங்கேதான். ஏரியல் பக்கம் 530-லிருந்து 1600 வரை, அதாவது மூன்று மடங்கு போக வேண்டும். அதற்குக் கண்டென்சர் மதிப்பு அதன் வர்க்கமாக, ஒன்பது மடங்கு மாற வேண்டும். ஆசிலேட்டருக்கோ 985-லிருந்து 2055, இரண்டு மடங்கு சொச்சம்தான். நாலரை மடங்குகூட மாறக் கூடாது. தகடுகள் ஒரே மாதிரி, சுழற்சியும் ஒன்று. என்ன செய்வது?

ஆசிலேட்டர் பிரிவோடு தொடரில் 'பேடர்' என்ற கண்டென்சரை வைத்தார்கள். பேடர் 500 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். தகடுகள் முழுக்க மூடி கேங்கும் 500 ஆகும்போது, இரண்டும் சேர்ந்து 250, சரிபாதி. தகடுகள் திறந்து 40 ஆகும்போது, 37. ஒரு முனையில் பாதியைத் தின்றுவிட்டு, மறுமுனையில் மூன்றே மூன்று! ஒரு சின்ன மைக்கா துண்டு செய்யும் இந்த வேலையை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் அலுக்காது.

ஆக, கீழ்முனை மட்டும் கெட்டால் சந்தேகம் பேடர் மேல். மதிப்பு குறைந்தால் ஆசிலேட்டர் மேலே ஏறும். சென்னையைப் பிடிக்கத் தகடுகளை இன்னும் மூட வேண்டிவரும். ஏரியல் பிரிவும் கூடவே 670-க்கு இறங்கிவிடும். மெலிவுக்குக் காரணம் அதுதான்.

நிச்சயப்படுத்த, முள்ளை 720-ல் வைத்து, பக்கத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை 1175-லிருந்து மேலே மெல்லத் திருப்புங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கும் இடம்தான் ஆசிலேட்டர். 1175-க்கு எவ்வளவு மேலே அடங்குகிறதோ, அவ்வளவு விலகல்.

இடையே ஒன்று: வால்வின் உட்புறத்தில் கண்ணாடியில் மினுங்குவது, பெரும் விலை போகும் என்று வதந்தி சொல்லும் 'சிவப்புப் பாதரசம்' அல்ல, மிச்சக் காற்றை உறிஞ்சும் பேரியம் பூச்சு. அந்த வதந்தியை நம்பி நல்ல செட்டுகளை உடைத்தவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. பூச்சு வெளுத்திருந்தால் மட்டும் வால்வைத் தூக்கிப் போடுங்கள்.

பேடரை அதே மதிப்புள்ள சில்வர் மைக்காவாக மாற்றிவிட்டு, 600 பக்கம் ஆசிலேட்டர் காயிலின் கோரையும் (உள்ளே திருகும் துண்டு), 1400 பக்கம் டிரிம்மர் என்ற குட்டித் திருகு கண்டென்சரையும் பிளாஸ்டிக் திருப்புளியால் மாறி மாறித் திருப்புங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். மூன்று நான்கு சுற்று ஆகும். 455-க்குச் சரிசெய்யப்பட்ட காயில்களான ஐ.எஃப்.டி.யைத் தொடாதீர்கள். கேங்கின் ஓரத் தகடுகளில் உள்ள வெட்டுகளையும் வளைக்காதீர்கள், அவை தொழிற்சாலையிலேயே சரிபார்க்கப்பட்டவை. திருப்பும்போது கரகரத்தால், தண்டை உரசும் ஸ்பிரிங்கில் கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு.